யாழ்மூரியும் கலைமதிப்பும்

திருச்சிற்றம்பலம்

கலைகள் அறுபத்துநான்கென்று எண்ணுதல் தொன்றுதொட்ட வழக்கு. அவற்றுள் இயலும் இசையும் கூத்தும் சிற்பமும் ஓவியமும் சைவத் திருக்கோயில்களில் ஒருங்கே இடம்பெற்று வளர்ந்தன. இவை தம்முள் எத்தகைய உறவுடையன, இவற்றின் மதிப்பு யாதனால் அளக்கப்படும், இவற்றின் குணங்குற்றம் நாடுவார் எவ்வெவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்கள் இக்காலத்தே பலராலும் எழுப்பப்படுகின்றன. விடைகளோ இருதிறத்தனவாய் ஒன்றோடொன்று முரணி நிற்கின்றன. ஒருசாரார், கலைகளெல்லாம் அழகென்னும் ஒன்றன் வடிவங்களேயாதலின் ஓரளவுகோலால் அனைத்தையும் அளந்துவிடலாம் என்பர். மற்றொருசாரார், ஒவ்வொரு கலையும் தன் கருவியானும் நெறியானும் வேறுபட்டதாதலின் ஒன்றனைக்கொண்டு மற்றொன்றை அறிதல் கூடாதென்றும், கலைக்குக் கலையே பயனாதலின் அதற்கு அப்பாற்பட்டதொரு பயனை வினாவுதல் பொருந்தாதென்றும் கூறுவர்.

இவ்விரு கொள்கைகளும் மேனாட்டு நூல்வழி வந்தனபோலத் தோன்றினும், இவற்றின் வித்து நம்மவரிடத்தும் பண்டே இருந்தது. அவ்வித்து முளைத்ததும், முளைத்தவிடத்தே களையப்பட்டதுமாகிய நிகழ்ச்சியொன்று பெரியபுராணத்துள் உண்டு. அஃதாவது யாழ்மூரித் திருப்பதிகம் எழுந்த வரலாறு. அற்புதச் செயலாக மட்டும் கொண்டு போற்றப்பட்டுவரும் அவ்வரலாறு, கலைகளின் உறவையும் மதிப்பையும் துணிதற்குரிய பிரமாணமாகவும் அமைந்துள்ளமை ஈண்டு ஆராயப்படும்.

தருமபுரத்து நிகழ்ச்சி

திருஎருக்கத்தம்புலியூரிலே தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், மனைவியாராகிய மதங்கசூளாமணியாரோடும் சீகாழியை அடைந்து ஆளுடைய பிள்ளையாரை வணங்கி, அவர் அருளும் திருப்பதிகங்களை யாழிலிட்டு உடன்வாசிக்கும் பேறு பெற்றார். பிள்ளையார் தலங்கள்தோறும் சென்று பாடுங்கால், பாட்டும் யாழும் பிரியாது சென்றன. அங்ஙனம் செல்லுநாளில் பாணரைப் பெற்ற தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தை அடைந்தனர். ஆண்டிருந்த சுற்றத்தார் பாணரை எதிர்கொண்டு மகிழ்ந்து, பிள்ளையாருடைய பதிகங்களின் இசை உலகெங்கும் பரவுதற்குக் காரணம் இவர் அவற்றை யாழிலிட்டு வாசித்தலே எனப் புகழ்ந்தனர். அப்புகழுரை பாணர் செவிக்கு நஞ்சாயிற்று. அவர் நடுங்கிப் பிள்ளையார் திருவடிகளில் வீழ்ந்து, திருப்பதிக இசை கருவியின் அளவிற்படாத தென்பதை உலகறியச் செய்தருளல் வேண்டுமென விண்ணப்பித்தார். அவ்வேண்டுகோட்கு இரங்கிப் பிள்ளையார் அருளியதே முதற்றிருமுறையின் இறுதியிலே 136ஆவதாக வைக்கப்பெற்ற பதிகம். பாணர் அதனை யாழிலிட முயன்றார், இயலவில்லை. உடனே யாழினை ஓக்கி உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அவரை ஐயரென விளித்துத் தடுத்து, சிவசத்தியின் சீரெல்லாம் இக்கருவியில் அடங்குமோ என வினவி, இயன்ற அளவில் வாசித்தலே முறையென்று அருளி, யாழினை மீண்டும் அவர் கையிற் கொடுத்தருளினார்.

இவ்வரலாற்றிலே பாடினார் ஒருவர், வாசித்தார் ஒருவர், மதிப்புரை கூறினார் சிலர் என மூன்று திறத்தார் உளர். மதிப்புரை கூறினாரைப்பற்றி ஆராய்ந்தவர் சிலரே. சுற்றத்தார் தீயரல்லர், இசையறியாதவருமல்லர், பாணர் மரபிற் பிறந்தவராதலின் யாழின் நுட்பம் உணர்ந்தவரென்றே கொள்ளல் வேண்டும். ஆயினும் அவர் கூறிய மதிப்புரை பிழைபட்டது. என்னை? அதன்கண் மூன்று குற்றங்கள் உள.

பரவுதலையே பெருமைக்கு அளவாகக் கொண்டது முதற்குற்றம். ஒரு பாடல் பலர் செவியிற் சென்று சேர்ந்தமையால் உயர்ந்ததாகாது, சேராமையால் தாழ்ந்ததுமாகாது. துணைக்காரணத்தை நிமித்தகாரணமாகப் பிறழ உணர்ந்தது இரண்டாங்குற்றம். குடம் வனைதற்கு மண் முதற்காரணம், தண்டும் திகிரியும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த நூல் பயில்வார் முதற்கண் கேட்கும் பாடம். பதிகத்திற்குச் சொல்லும் பண்ணும் முதல், யாழ் துணை, திருவருள் வழிநின்ற பிள்ளையார் நிமித்தம். சுற்றத்தார் திகிரியின் சுழற்சியைக் கண்டு வியந்து குயவனை மறந்தனர். தம்மவர் என்னும் பற்றினால் நடுவுநிலை பிறழ்ந்தது மூன்றாங்குற்றம். இம்மூன்றும் அன்று தருமபுரத்தோடு ஒழிந்தனவல்ல. இன்றும் கலைகளைப்பற்றி எழுதப்படும் மதிப்புரைகளிற் பெரும்பாலன இம்மூன்றனுள் ஒன்றானேனும் பலவானேனும் பழுதுபடுகின்றன.

இனி, யாழ்ப்பாணர் செயல் நோக்கத்தக்கது. புகழப்பட்டவர் தாமே அப்புகழுரையை மறுத்தார். மறுத்ததோடமையாது, தம் கலையின் எல்லையைத் தம் கேளிர் நடுவே வெளிப்படுத்துமாறு தாமே வேண்டினார். தன் கலை யாண்டு முடிகின்றதென்று அறிந்தவனே அக்கலையில் வல்லவன். பழைய யாழ் நரம்பொன்றுக்கு ஒரு கோவையாக இசைகூட்டி மீட்டப்படும் கருவி. வீணையைப்போல மெட்டுக்கள் உடையதன்று. ஒரு சுரத்தினின்று மற்றொன்றற்கு மிடற்றினால் வழுவிச் செல்லும் நுண்ணிசைகளெல்லாம் அத்தகைய நரம்பில் எளிதின் வாரா. ஆதலின் மிடற்றிசைக்கு யாழ் எட்டாதவிடம் உண்டென்பது இசையியல்பானும் பொருந்துவதே. பாணர் அவ்வெல்லையை அறிந்தார். அறிந்தவர் அடுத்து யாழை உடைக்கப் புகுந்ததே பிழையாயிற்று.

அற்றேல், எட்டாத கருவியை உடைத்தல் பத்தியின் முதிர்ச்சியன்றோ எனின், அன்று. அச்செயலும் சுற்றத்தார் கூற்றைப்போலவே ஒரு பிழைபட்ட மதிப்பீடேயாம். கருவியே எல்லாம் என்றனர் அவர். எல்லாம் அன்றாயின் ஒன்றுமன்று என்றது இவர் கை. உயர்ந்ததொன்று உண்டென்பதனால் தாழ்ந்தது பயனற்றதாகாது. பிள்ளையார் பதிகம் பாடியதனாற் சுற்றத்தார் பிழையைத் திருத்தினார். கையைப் பிடித்துத் தடுத்ததனாற் பாணர் பிழையைத் திருத்தினார். முன்னையதை மட்டும் போற்றிப் பின்னையதை மறப்பவர் யாழ்மூரியிற் பாதியையே கேட்டவராவர்.

மூவகை உறவு

இறைவனுக்கும் உயிர்க்கும் உள்ள இயைபை அத்துவிதம் என வழங்கி, அதற்கு ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்று நிலைகளைச் சந்தானாசாரியர் வகுத்துக் காட்டினர். கலப்பினால் ஒன்றாதற்கு உடலும் உயிரும், பொருட்டன்மையால் வேறாதற்குக் கண்ணும் ஞாயிறும், உயிர்க்குயிராதற்றன்மையால் உடனாதற்குக் கண்ணொளியும் ஆன்மபோதமும் உவமைகள். இவ்வியைபு இறைவனுக்கும் உயிர்க்குமே சிறந்துரியது. எனினும் உவமையளவிற் கலைகளின் உறவை விளக்குதற்கும் இஃது உதவும்.

பாடுங்கால் பண்ணும் சொல்லும் உடலும் உயிரும்போல ஒன்றாய் நிற்கின்றன. கேட்பவன் இஃது இசை இஃது இயல் எனப் பிரித்துக் கேளான். ஆயினும் அவை பொருளால் வேறு. பண்ணை நீக்கி ஓதினும் பொருள் நிற்கும். சொல்லை நீக்கி ஆலாபனம் செய்யினும் பண் நிற்கும். இனி, ஒன்றற்கொன்று காட்டும் உபகாரமாய் உடனாதலும் உண்டு. கண் தானே காணமாட்டாது உயிர் உடனின்று காட்டக் காணுமாறுபோல, சொல் தான் செல்லாத இடத்துப் பண் உடன்சென்று உணர்த்தும். பண் பொதுவாகத் தூண்டிய உணர்ச்சியைச் சொல் இன்னதென வரையறுக்கும்.

கலைகளெல்லாம் ஒன்றே என்பார் ஒன்றாதலை மட்டும் கண்டவர். கலைகள் தம்முள் தொடர்பிலவென்பார் வேறாதலை மட்டும் கண்டவர். உடனாதலைக் காண்பார்க்கே உறவு முற்றும் விளங்கும்.

பழைய நூல்களும் இவ்வுடனாதலையே வற்புறுத்துகின்றன. விட்டுணுதருமோத்தரம் என்னும் வடமொழி உபபுராணத்தின் மூன்றாங்காண்டத்திலே, திருவுருவம் அமைக்கும் முறையைக் கற்பிக்கவேண்டும் என வச்சிரனென்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை வேண்ட, அவர் ஓவிய இலக்கணம் அறியாதான் உருவ இலக்கணம் அறியான் என்கின்றார். ஓவியம் கற்பிக்குமாறு வேண்டியவழி, கூத்து அறியாதான் ஓவியம் அறியான் என்கின்றார். கூத்திற்குக் கருவியிசையும், அதற்கு மிடற்றிசையும் இன்றியமையாவென மேன்மேலும் ஏற்றிச்செல்கின்றார். கல்லைச் செதுக்க வந்தவனைப் பாட்டின்கண் கொண்டுபோய் நிறுத்திய இவ்வுரையாடல் வெறும் அலங்காரமன்று. திருவுருவத்தின் நிலையும் கையும் கூத்திலிருந்து வந்தன. கூத்து தாளத்தையும் பண்ணையும் பற்றியது. பண் பாட்டைப் பற்றியது. ஆதலின் முனிவர் கூறியது உண்மை முறைமையே.

தமிழிலே சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, மாதவியின் ஆடலரங்கேற்றத்திற்கு வேண்டப்படுவோராக ஆடலாசான், இசையாசிரியன், இயற்புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரை நிரல்பட வைத்து ஒவ்வொருவர் அமைதியையும் விரிக்கின்றது. ஆண்டு ஒவ்வோராசிரியனும் தன்கலையோடு அடுத்தவன் கலையையும் உணர்ந்தவனாகவே கூறப்படுதல் நோக்கத்தக்கது. சமயம் வேறாயினும் உண்மை யாண்டுளதோ ஆண்டு அதனைக் கொள்ளுதல் அறிஞர் இயல்பு.

கல்வெட்டும் கோயிலும் காட்டுவன

நூல்கள் கூறியதனைக் கற்கள் மெய்ப்பிக்கின்றன. தஞ்சை இராசராசேச்சுரத்திலே திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், அவரோடு உடுக்கை வாசிப்பான் ஒருவனையும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஐம்பதின்மராக முதலாம் இராசராச சோழன் நியமித்ததைக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஆடல் வல்ல தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் அக்கோயிற்குக் குடியமர்த்தப்பட்டனர். அவ்விமானத்தின் மேனிலையிலே நாட்டிய நூலிற் கூறிய நூற்றெட்டுக் கரணங்களுள் 81 கல்லிற் செதுக்கப்பட்டுள. எஞ்சிய இருபத்தேழிற்கும் உரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. கருப்பக்கிருகத்தைச் சூழ்ந்த இருட்சுற்றிலே, பிற்காலத்து ஓவியத்தின் கீழ் மறைந்துகிடந்த சோழர்காலத்து ஓவியங்களை 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கண்டு வெளிப்படுத்தினார். அவற்றுள் ஆளுடைய நம்பிகளின் வரலாறு தீட்டப்பட்டுள்ளது. ஒரு கோயிலினுள்ளே நம்பிகள் பாட்டு ஓதப்பட்டது. அவர் வரலாறு தீட்டப்பட்டது. அவர் பாடிய பெருமானின் கூத்து கல்லிலும் காலிலும் நிகழ்ந்தது. இவற்றுள் ஒன்றனைத் தனியே எடுத்து மதிப்பிடுவோன் மாலையினின்றும் ஒரு பூவைப் பறித்து வைத்துக்கொண்டு மாலையின் கட்டினை ஆராய்பவனை ஒப்பான்.

தில்லைக் கோபுரங்களிலே கரணங்கள் செதுக்கப்பட்டிருத்தலோடு, கிழக்கு மேற்குக் கோபுரங்களில் அவ்வக்கரணத்திற்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆடலைக் கல் காட்டிற்று. கல் காட்டியது இன்னதென்று சொல் காட்டிற்று. கூத்தும் சிற்பமும் இயலும் ஒரு சுவரிலே ஒன்றற்கொன்று சான்றாய் நிற்கின்றன.

யாழ்மூரி வரலாற்றின் தொடர்ச்சியாகக் கொள்ளத்தக்க செய்தியொன்று திருமுறைகண்ட புராணத்துள் உளது. தில்லையிலே திருமுறைகள் வெளிப்பட்டபின், அவற்றின் பண்முறை அறிவாரின்மையால் அரசரும் நம்பியாண்டார் நம்பிகளும் கவன்று இறைவனை வேண்ட, திருஎருக்கத்தம்புலியூரிலே யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணிக்குப் பண்முறை அருளப்பட்டதென்னும் திருவாக்கு எழுந்தது. அவ்வம்மையாரைக்கொண்டே பதிகங்களுக்குப் பண் வகுக்கப்பட்டது. அந்தோ, இதன் அருமை என்னே! எந்த யாழ் பதிக இசையைக் கொள்ளமாட்டாதென்று தருமபுரத்திலே காட்டப்பட்டதோ, அந்த யாழின் வழிவந்தாரிடமே பதிக இசை அடைக்கலமாய் இருந்தது. அன்று கருவி உடைக்கப்பட்டிருக்குமாயின், பின்னாளிற் பண்ணைத் தேடிப்போதற்கு இடம் யாது? பிள்ளையார் தடுத்த கையின் பயன் பன்னூறாண்டுகள் கழிந்தபின் விளங்கிற்று. உயர்ந்த கலைக்குத் தாழ்ந்த கலை கடன்பட்டதாகவும், தாழ்ந்த கலைக்கு உயர்ந்த கலை கடன்பட்டதாகவும் இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து காட்டுகின்றன.

அந்த யாழும் பின்னர் வழக்கொழிந்தது. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியபோது, மறைந்த கருவியின் இலக்கணம் கற்றார்க்கு மீளக் கிடைத்தது. கணிதமும் இசையும் தமிழ்ப் புலமையும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையாலன்றோ அந்நூல் எழுந்தது? ஒருகலையே அறிந்தார் ஒருவரால் அஃது இயன்றிராது.

மதிப்பின் அளவு

உறவு கூறப்பட்டது. இனி மதிப்பு யாதென்பது ஆராயப்படும். முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியா தத்துவம் ஏழு. அவற்றுள் ஒன்றன் பெயர் கலை. ஆணவ இருளிலே செயலற்றுக் கிடந்த உயிர்க்கு அவ்விருளைச் சிறிதே நீக்கிக் கிரியையை எழுப்புதல் அதன் தொழில். பாட்டும் கூத்தும் முதலாயவற்றைக் குறிக்கும் கலை என்னும் சொல்லும், இத்தத்துவத்தைக் குறிக்கும் சொல்லும் வழக்கினால் வேறு பொருளன. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் ஆகாது. எனினும் தத்துவத்தின் தொழில் கொண்டு கலைகளின் தகுதியை ஒருவாறு உய்த்துணரலாம். மலவிருளைச் சிறிதேனும் விலக்கி உயிரை விழிப்பிப்பது நற்கலை. இருளை மிகுவிப்பது தீக்கலை. விலக்குவதும் மிகுவிப்பதுமின்றிப் பொழுதுபோக்குவது வறுங்கலை.

இவ்வளவை இருபாலாரையும் திருத்தும். கலைக்குக் கலையே பயன் என்பார்க்கு, கலையாவது மாயையின் காரியமாகிய விளக்கு, விடியுந்துணையும் வேண்டப்படுவது, விளக்கைக் கதிரவனென மயங்குதல் கூடாது என்று விடைகூறும். கலையெல்லாம் மாயையாதலின் தள்ளத்தக்கன என்பார்க்கு, விடியுமுன் விளக்கை அவிப்பான் தான் காணவேண்டுவதனையும் காணான் என்று விடைகூறும். யாழ்மூரியிலே பிள்ளையார் செய்ததும் இதுவே. விளக்கு கதிரவனன்றென்று பாடிக்காட்டினார். விளக்கை அவியாதே என்று கையைப் பிடித்தார்.

அங்ஙனமாயின் பொருள் உயர்ந்ததாயின் போதும், செய்யுந்திறன் எங்ஙனமிருப்பினும் குற்றமில்லையோ எனின், ஆண்டு இரண்டு நிலைகளைப் பகுத்துணர்தல் வேண்டும். வழிபாட்டில் இறைவன் மந்திரத்தானும் பாவனையானும் எழுந்தருளுகின்றான். ஆண்டுத் திருவுருவம் எளியோன் செய்த சிறுவடிவாயினும் வணக்கத்திற்குக் குறைவில்லை. ஆகமங்கள் கூறும் உறுப்பளவுகள் பிழையாமலிருத்தலே போதும். கலைநிலையிலோ, பொருளைக் காண்பானிடத்துச் செலுத்தும் ஆற்றல் திறனைப்பற்றியே அமையும். மங்கிய விளக்கும் விளக்கே; எனினும் அது காட்டும் பொருள் சில. ஆதலின் பத்தியைத் திறனுக்கு ஈடாகக் காட்டுதலும், திறனைப் பத்திக்கு ஈடாகக் காட்டுதலும் பொருந்தாவாம்.

கூத்தப்பிரான் திருவுருவும் குணங்குற்றம் நாடினாரும்

மேற்கூறிய முறைமையைக் கூத்தப்பிரான் திருவுருவைப்பற்றி அண்மைக்காலத்தே எழுந்த ஆராய்ச்சிகளில் வைத்துச் சோதித்தல் தகும்.

இலண்டனிலே 1910ஆம் ஆண்டிலே அரசியற் கலைச் சங்கத்தில் ஹாவெல் துரையவர்கள் இந்தியக் கலையைப்பற்றிப் பேசியபோது, தலைமைவகித்த சர் ஜார்ஜ் பேர்டுவுட் என்பார் சாவகத்துப் புத்தர் திருவுருவமொன்றைக் கொழுப்பிட்டு அவித்த மாப்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். இந்தியரிடத்து நுண்கலை இல்லையென்பது அவர் கருத்து. அதனை மறுத்து ஆங்கிலநாட்டுக் கலைஞர்கள் பதின்மூவர் கையொப்பமிட்டுப் பத்திரிகையில் எழுதினர். இகழ்ந்தவர் இந்திய நாட்டுக் கைத்தொழில்களை நெடுங்காலம் ஆராய்ந்து பாராட்டி எழுதியவர் என்பது வியப்பு. கற்றவர்க்கு இப்பிழை நேர்ந்தது எவ்வாறு? மேனாட்டு உடலுறுப்பமைதியை ஒரே அளவுகோலாகக் கொண்டு யோகநிலையை அளந்தார். கூத்தும் யோகமும் அறியாதான் அவற்றினின்று பிறந்த உருவத்தை அறியான் என்பதற்கு இது சான்று. இவர் முதல்வகையார்.

சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையிலுள்ள திருவாலங்காட்டுக் கூத்தப்பிரான் திருவுருவின் நிழற்படங்களைக் கண்டு, பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரொதேன் வியந்து எழுதிய கட்டுரை, அவர் 1917இல் இறந்தபின் 1921இல் அச்சாயிற்று. சித்தாந்தம் பயிலாதவர், தமிழ் அறியாதவர், திருவுருவை நேரிற் காணாதவர். ஆயினும் சிற்பியாதலின் தோளின் இழிவும் இடையின் திருப்பமும் காலின் உறுதியும் நோக்கி அவற்றின் உயிர்ப்பைக் கண்டார். கண் கண்டவளவும் உண்மையே. ஆயினும் அத்திருவடி எதனை மிதிக்கின்றது, எடுத்த பாதம் எவர்க்குப் புகல் என்னும் வினாக்கள் அவர் கட்டுரையின் பொருளல்ல. இவர் இரண்டாம்வகையார். பேர்டுவுட்டினும் இவர் மிக உயர்ந்தவர். நம்மவரால் நன்றியுடன் நினைக்கத்தக்கவர். எனினும் அவர் கண்டது உடலின் பெருமை.

மூன்றாவதாக, ஆனந்தக் குமாரசாமி அவர்கள் எழுதிய சிவதாண்டவக் கட்டுரை. அஃது 1918இல் நியூயார்க்கிலே நூலாகத் தொகுக்கப்படுமுன் 1912இலேயே, ஜே. எம். நல்லசாமிப்பிள்ளையவர்களால் 1897இல் தொடங்கப்பெற்ற சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. உலகமெல்லாம் பயின்ற அவ்வாராய்ச்சி ஒரு சைவப் பத்திரிகையின் பக்கங்களிற் பிறந்தது என்பது சைவமக்கள் நினைந்து மகிழத்தக்கது. திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் துடியில் படைப்பையும், அமைத்த கையிற் காப்பையும், தீயேந்திய கையில் அழிப்பையும், ஊன்றிய திருவடியில் மறைப்பையும், எடுத்த திருவடியில் அருளையும் வைத்து விளக்கியதனை அவர் எடுத்தாண்டார். சிற்பத்தை இயலைக்கொண்டு விளக்கினார். இயலைச் சிற்பத்தைக்கொண்டு உலகிற்குக் காட்டினார். உடனாதல் என மேலே கூறியது இதுவே.

இனி நான்காம்வகையார் உளர், அவர் நம்மவரே. ஐந்தொழிலையும் ஐந்திடத்தில் வைத்து மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டுத் திருவுருவை நிமிர்ந்தும் பாராது செல்வார் பலர். அவர்க்குத் திருவுருவம் ஓர் எழுத்து, வாசித்தபின் வேண்டப்படாதது. ரொதேன் உடலைக் கண்டு உயிரைக் காணாராயின், இவர் உயிரைக் கேள்விப்பட்டு உடலைக் காணாதவர். பொருள் மட்டுமே வேண்டுமாயின் உண்மைவிளக்கச் செய்யுள் போதுமே. சோழர்காலக் கன்னான் மெழுகிலே உருவமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கிப் போக்கி, செம்பு முதலிய உலோகங்களை வார்த்து இத்துணைப் பாடுபட்டது எதற்கு? சுழலும் விரிசடைக்கும் அசையாத திருமுகத்திற்கும் இடையே உள்ள வேற்றுமையைக் கண்ணாற் கண்டவனுக்கன்றோ, தொழிலெல்லாம் செய்தும் தான் விகாரப்படாத இறைவன் தன்மை நெஞ்சிற் பதியும்? அவ்வுண்மையைச் சொல் நிரல்பட ஒன்றன்பின் ஒன்றாகக் கூறும். திருவுருவம் ஒருங்கே ஒருகணத்திற் காட்டும். ஒருங்கு காட்டுதல் சொல்லுக்கு அரிது. நிரல்படக் கூறுதல் உருவிற்கு அரிது. ஆதலாலேதான் இரண்டும் வேண்டப்பட்டன.

கலைப்பொருளும் வழிபடுபொருளும்

கலைக்குக் கலையே பயன் என்னுங்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாது. திருவுருவம் அழகிய உருவமே என்றால், அதனை விலைகொடுத்து வாங்கியவன் மாளிகையிலும் அது குறைவின்றி இருக்கலாமே என்னும் முடிபு தானே எழும். அம்முடிபின் வழியே பல திருவுருவங்கள் கடல்கடந்து போயின. பத்தூரிலே பாழ்பட்ட சிவாலயத்து நிலத்திற் புதைந்திருந்து 1976இல் வெளிப்பட்ட கூத்தப்பிரான் திருவுருவம் இலண்டனை அடைந்து, ஆண்டு வழக்கிற்கு உட்பட்டது. இந்நாட்டுச் சட்டத்தின்படி வழக்காடும் உரிமையுடைய அத்திருக்கோயிலின் உரிமையை ஆங்கிலநாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1991இல் ஏற்றுத் தீர்ப்பளிக்க, அவ்வாண்டே திருவுருவம் தாயகம் மீண்டது. ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பதிலட்சம் டாலர் கொடுத்து வாங்கிய ஸ்ரீபுரந்தான் கூத்தப்பிரான் திருவுருவமும் 2014இல் மீட்டளிக்கப்பட்டது.

இவ்வழக்குக்களிலே மறைந்துநின்ற வினா சட்டவினா மட்டுமன்று, மதிப்புவினாவுமாம். இஃது ஒரு பொருளோ, வழிபடப்படும் மூர்த்தியோ? பொருளெனின் விலையுண்டு, மூர்த்தியெனின் உரிமையுண்டே அன்றி விலையில்லை. குணங்குற்ற ஆராய்ச்சி ஏட்டுவிளையாட்டென்று எண்ணுவார் இதனை நோக்குவாராக. மதிப்புரையிலே நேர்ந்த பிழை சுவரிடித்துத் திருவுருவைக் கவர்வானுக்குத் துணையாய் நிற்கின்றது.

அற்றேல், காட்சிச்சாலையில் வைத்துப் பார்த்தல் பிழையோ எனின், அன்று. பாழடைந்த இடங்களில் அழிவெய்த இருந்தவற்றைக் காத்தளித்த உபகாரம் காட்சிச்சாலைகளுக்கு உண்டு. திருவாலங்காட்டுத் திருவுருவின் பெருமை உலகறிந்தது அவ்வழியாலேயே. யாழைப்போலவே காட்சிச்சாலையும் இயன்ற அளவே காட்டும். அவ்வளவே எல்லாமென்று கருதாதிருத்தலே வேண்டப்படுவது. திருமஞ்சனமும் தீபமும் ஓதுவார் குரலும் மணியோசையும் சூழ, அலங்காரத்தினுள்ளே முகமும் எடுத்த பாதமும் மட்டும் தோன்ற நிற்கும் நிலையும், திருமேனி முழுதும் தோன்றத் தனித்து நிற்கும் நிலையும் வெவ்வேறு அறிவை அளிக்கின்றன. இரண்டையும் அறிந்தான் ஒருவனே அதனைப்பற்றி எழுதத் தகுந்தவன்.

குணங்குற்றம் நாடுவார் கடன்

தேவாரப் பாடல் விஷயத்திலும் இவ்வாறே. 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் தோன்றியபின் பண்ணாராய்ச்சி வளர்ந்ததும், திருமுறைகள் அரங்குகளில் முன்னினும் மிகுதியாக ஒலித்ததும் மகிழ்தற்குரியன. ஆயினும் இராகத்தை விரிப்பதற்குப் பற்றுக்கோடாக மட்டும் பதிகத்தைக் கொண்டு, சொல்லைச் சிதைத்து, சீர்களை இடந்தெரியாமல் முறித்துப் பாடுவாரைக் குரலினிமை ஒன்றே கருதிப் புகழும் மதிப்புரைகள் தருமபுரத்துச் சுற்றத்தார் கூற்றேயாம். பொருளுணர்ச்சி ஒன்றே போதுமென்று பண்ணை நெகிழவிட்டு ஓதுவாரைப் பத்தியின் பெயராற் காக்கும் மதிப்புரைகள் யாழை உடைக்க ஓக்கிய கையேயாம். ஓதுவார்கள் சொல்லையும் பண்ணையும் சேர்த்தே குருமுகமாய்ப் பெற்றவர். அவர் வாழ்வு நலிய, அவர் பாட்டின் பிரதியை மட்டும் போற்றுதல் திகிரியைப் பாதுகாத்துக் குயவனைப் பட்டினியிடுவதாகும்.

ஆகவே குணங்குற்றம் நாடுவார்க்கு நான்கு கடன்கள் பெறப்படும். தாம் ஆராயும் கலையின் எல்லையை அறிதல் ஒன்று. அதனோடு அடுத்த கலைகளை அவ்வெல்லையின் இருபுறமும் அறிதல் ஒன்று. துணையை நிமித்தமென மயங்காது காரணங்களைப் பகுத்துணர்தல் ஒன்று. தம்மவர் பிறர் என்னும் பற்றும் வெறுப்பும் நீங்கி, அக்கலை உயிரின் இருளை எத்துணை விலக்கிற்று என்று நோக்குதல் ஒன்று. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மதிப்புரை புகழுரையாகவோ இகழுரையாகவோ திரிந்துவிடும்.

யாழ்ப்பாணர் யாழை மீண்டும் பெற்று, இயன்ற அளவில் வாசித்துக்கொண்டே பிள்ளையாரைப் பிரியாது சென்றார். நல்லூர்ப்பெருமணத்திலே பிள்ளையார் சோதியிற் கலந்த அந்நாளில் உடன்புக்கவருள் அவரும் ஒருவர். பாடினாரும் வாசித்தாரும் ஒருவாயிலிலே புகுந்தனர். பதிகத்தை எட்டமாட்டாத யாழை ஏந்தியவர்க்கு அவ்வாயில் அடைக்கப்படவில்லை.

சிவம்.